பலத்த காற்றடிக்கும் மாலையில் பாய்மரப் படகுப் பந்தயம் ஓட்டுவது எப்படி

வார நாள் மாலையில் நடக்கும் பாய்மரப் படகுப் பந்தயங்களுக்கென்று சில இயல்புகள் உண்டு. வருபவர்கள் பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு நேராகப் படகுத்துறைக்கு வருகிறார்கள். குழுவில் யார் யார் இருப்பார்கள் என்பது கடைசி அரை மணி நேரத்தில்தான் தெரியவரும். ஒரே கோட்டிலிருந்து 6 மீட்டர் படகும் 11 மீட்டர் படகும் புறப்படும். காற்று 8 அல்லது 10 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் வீசும்போது குழுவின் பயிற்சிக் குறைவு வெளியே தெரியாது. காற்று 18 நாட்டைத் தாண்டி, இடையிடையே 25 நாட் வரை எகிறும் மாலையில் அது பந்தயப் பாதையைக் குறிக்கும் முதல் மிதவையை அடைவதற்குள்ளேயே தெரிந்துவிடும்.

பாயின்மேல் காற்று செலுத்தும் விசை, காற்றின் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 14 நாட் காற்று 20 நாட் ஆகும்போது வேகம் பாதியளவுகூடக் கூடவில்லை. விசையோ இரண்டு மடங்காகிவிடுகிறது. ஆனால் படகு இரண்டு மடங்கு வேகமாகப் போய்விடுவதில்லை. கீல் (படகின் அடியில் நிலையாக நிற்கும் எடை மிகுந்த தகடு) பொருத்திய கனமான படகு நீரைத் தள்ளிக்கொண்டு செல்லும் வேகத்துக்கு அதன் நீர்மட்ட நீளம் ஏறத்தாழ ஒரு வரம்பு விதிக்கிறது. நீர்மட்டத்தில் 7 மீட்டர் நீளமுள்ள படகுக்கு அந்த வரம்பு சுமார் 6.4 நாட். எனவே பலத்த காற்றில் ஒரே அளவுள்ள படகுகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஓடுகின்றன. நேராக ஓடும்போது ஒன்றையொன்று விட்டு விலகிச் செல்வது கடினம். வித்தியாசம் பிறப்பது திரும்பும் இடங்களில்தான். ஆகவே இத்தகைய மாலையில் உத்தி என்பது, செய்ய வேண்டிய திருப்பங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும், தவிர்க்க முடியாதவற்றை நாமே தேர்ந்தெடுத்த இடத்திலும் நேரத்திலும் செய்வதும்தான். நீரின் மேலெழுந்து சறுக்கி ஓடும் இலேசான டிங்கி எனும் சிறு படகுகளுக்கு வேக வரம்பு பற்றிய இந்தக் கணக்கு பொருந்தாது; இங்கே பேசப்படுவது 6 முதல் 11 மீட்டர் வரையிலான கீல் படகுகளைப் பற்றி.

கரையிலேயே முடிவு செய்ய வேண்டியவை

முதல் முடிவு, போவதா வேண்டாமா என்பது. பந்தயத்தில் கலந்துகொள்வதா, தொடர்வதா என்ற முடிவுக்குப் படகே முழுப் பொறுப்பு என்று வேர்ல்ட் செயிலிங் என்ற சர்வதேசப் பாய்மரப் படகு அமைப்பின் பந்தய விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. நடுவர் குழு பந்தயத்தை நடத்துகிறது என்பதாலேயே அன்றைய காற்று உங்கள் குழுவுக்கு ஏற்றது என்று பொருளாகாது. அளவுகோலாகக் கொள்ள வேண்டியது படகின் வலிமையோ தலைவரின் அனுபவமோ அல்ல, குழுவிலேயே அனுபவம் குறைந்தவர் எவ்வளவு தாங்குவார் என்பதுதான். உயிர்காப்பு அங்கியைப் பற்றி விவாதம் தேவையில்லை. அனைவரும் துறையிலேயே அணிந்து, வார்களை இறுக்கிக்கொண்டு ஏற வேண்டும்.

அடுத்தது பாய். மாலைக் காற்று இரண்டு வகைப்படும். பகலில் நிலம் சூடானதால் எழுந்த கடற்காற்றாக இருந்தால், சூரியன் இறங்க இறங்க அது தணிவதே வழக்கம். தொடக்கத்தில் 20 நாட் வீசினாலும் இரண்டாம் சுற்றில் 12 ஆகக் குறைந்துவிடலாம். வானிலை மாற்றம் ஒன்று நெருங்கிவருவதால் வீசும் காற்றாக இருந்தால் இருட்டும் நேரத்தில் அது இன்னும் வலுக்கக்கூடும். முன்னறிவிப்பையும் மேகத்தையும் பார்த்து இது எந்த வகை என்று முடிவு செய்த பிறகே பாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐயம் இருந்தால் பெரிய பாயை (பாய்மரத்துக்குப் பின்னால் ஏறும் முதன்மைப் பாய்) துறையிலேயே ஒரு மடிப்புச் சுருக்கிக்கொண்டு போங்கள். சுருக்கியதை அவிழ்ப்பது நீரில் ஒரு நிமிட வேலை. அவிழ்ந்திருப்பதை அலைக்கு நடுவில் சுருக்குவது அப்படியல்ல. பாய்மர உச்சி வரை முன்பாய் ஏறும் பழைய வகைப் படகுகளில் முதலில் முன்பாயைச் சிறிதாக்குவதும், முன்பாய் மரத்தின் முக்கால் உயரத்தோடு நிற்கும் படகுகளில் முதலில் பெரிய பாயைச் சுருக்குவதும் பொதுவாக நன்றாக வேலை செய்யும்.

பந்தயப் பாதை அறிவிக்கப்பட்டதும் ஒரு தாளில் அதை வரைந்து, காற்றுத் திசையைக் குறித்து, எந்த மிதவையில் டாக் (படகின் முன்முனை காற்று வரும் திசையைக் கடக்கும் திருப்பம்), எந்த மிதவையில் ஜைப் (பின்முனை அதைக் கடக்கும் திருப்பம்) என்று எழுதிப் பார்க்க வேண்டும். கட்டாயமாகச் செய்தே ஆக வேண்டிய திருப்பங்கள் எத்தனை என்பது அப்போது தெரியும். அவை ஒவ்வொன்றிலும் யார் எந்தக் கயிற்றைப் பிடிப்பார், யார் எங்கே உட்காருவார் என்பதைக் கரையிலேயே பேசி முடித்துவிடுங்கள். படபடக்கும் பாயின் ஓசையில் சத்தமிட்டுப் பேசினாலும் காதில் விழாது.

தொடக்கக் கோடு

துறையை விட்டு வழக்கத்தைவிட இருபது நிமிடம் முன்னதாகவே கிளம்புங்கள். காற்றை எதிர்த்து இரண்டு பக்கமும் சில நிமிடங்கள் ஓடிப் பார்த்து, ஒவ்வொரு பக்கத்திலும் திசைகாட்டி என்ன எண் காட்டுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காற்று பின்னர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை அறிய இந்த எண்களே ஆதாரம். அப்படியே ஒரு டாக்கும் ஒரு ஜைப்பும் செய்து பார்த்துவிடுங்கள். சிக்கும் கயிறு எது என்பது இந்த ஒத்திகையில் தெரிந்தால் நல்லது.

விதிப்படி தொடக்கத்துக்கு 5 நிமிடம் முன்பு எச்சரிக்கைக் கொடியும், 4 நிமிடம் முன்பு தயார்க் கொடியும் ஏறும். தயார்க் கொடி 1 நிமிடம் இருக்கும்போது இறங்கும். நேரம் கணக்கிடப்படுவது கொடியை வைத்தே தவிர ஒலியை வைத்து அல்ல. பலத்த காற்றில் குழலோசை காற்று வரும் பக்கம் நிற்பவருக்குக் கேட்காது என்பதால், ஒருவரைக் கொடியை மட்டுமே பார்க்கச் சொல்லி நேரத்தை உரக்க எண்ண வைக்க வேண்டும்.

கோட்டில் இடம் பிடிப்பதற்காகப் பாயை விட்டுவிட்டு ஆடிக்கொண்டு நிற்பது இலேசான காற்றின் வழக்கம். பலத்த காற்றில் நின்ற படகு பக்கவாட்டில் வேகமாக வழுக்குகிறது. சுக்கானில் நீரோட்டம் இல்லாததால் திருப்பவும் முடியாது. பாய் அடித்துக்கொண்டு கிழியும் அபாயமும் உண்டு. எனவே எப்போதும் ஓடிக்கொண்டே இருங்கள். 5.5 நாட் வேகத்தில் ஓடும் 8 மீட்டர் படகு தன் நீளத்தைக் கடக்க ஏறத்தாழ 3 நொடி எடுக்கும். கோட்டுக்கு ஐந்து படகு நீளத்துக்கு அப்பால் இருந்தால் 15 நொடி தேவை. இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் கோட்டை முழு வேகத்தோடு அடையும் நேரத்தைக் கணிப்பது கடினமல்ல.

கோட்டின் ஒரு முனையில் நிற்கும் நடுவர் படகின் ஓரம் எல்லோருக்கும் பிடித்த இடம். அதனாலேயே அது ஆபத்தான இடமும். ஒரே பக்கக் காற்றில் ஓடும் இரண்டு படகுகள் பக்கம் பக்கமாக இருந்தால், காற்று வரும் பக்கம் இருப்பதே ஒதுங்க வேண்டும் என்பது விதி. நடுவர் படகுக்கும் இன்னொரு படகுக்கும் நடுவில் நுழைந்து, கீழே (காற்று போகும் பக்கம்) இருப்பவர் மேலே (காற்று வரும் பக்கம்) தள்ளும்போது ஒதுங்க இடமில்லாமல் மாட்டிக்கொள்பவரை ஏறக்குறைய ஒவ்வொரு காற்று மாலையிலும் காணலாம். கோட்டின் ஒரு முனை அப்பட்டமாகச் சாதகமாக இருந்தாலொழிய, அம்முனையிலிருந்து கோட்டின் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரண்டு பக்கமும் இடம் வைத்து, முழு வேகத்தில் மூன்று நான்கு நொடி தாமதமாகக் கடப்பதே என் தேர்வு. முன்கூட்டிக் கடந்துவிட்டால் திரும்பிவந்து மறுபடி தொடங்க வேண்டும். அதற்கு ஒரு ஜைப்பும் ஒரு டாக்கும் கூடுதலாகச் செலவாகும்.

காற்றை எதிர்த்து ஏறும்போது

புறப்பட்ட முதல் இரண்டு நிமிடத்தில் உத்தி எதுவும் வேண்டாம். படகை நிமிர்த்தி வேகத்தில் வைப்பது போதும். சாய்வு 20 பாகை அளவில் இருக்கட்டும். 25 பாகையைத் தாண்டினால் பெரும்பாலான கீல் படகுகள் பக்கவாட்டில் வழுக்கத் தொடங்குகின்றன, சுக்கானும் நீரை விட்டு மேலே வருகிறது. சுக்கான் பிடிப்பவரின் கை வலிக்கிறது என்றால் பெரிய பாய் அதிகமாக இழுபட்டிருக்கிறது என்று பொருள். பேக்ஸ்டேயை (பாய்மரத்தைப் பின்னாலிருந்து தாங்கும் கம்பி) இழுத்து முன்தாங்கிக் கம்பியை இறுக்குங்கள். கன்னிங்ஹாமை (பெரிய பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கயிறு) இழுத்துப் பாயின் குழிவை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பாயின் கீழ்விளிம்பை இழுத்துத் தட்டையாக்குங்கள். டிராவலரை (பெரிய பாயின் கயிற்றைப் பக்கவாட்டில் நகர்த்தும் சறுக்கி) கீழே இறக்குங்கள். முன்பாயின் கயிறு செல்லும் கப்பியைச் சற்றுப் பின்னால் நகர்த்தினால் பாயின் மேல்பகுதி திறந்து, மிகையான காற்று வழிந்துவிடும். ஆனால் அலை உயரமாக இருந்தால் பாயை முற்றிலும் தட்டையாக்கிவிடக் கூடாது. அலையில் இடித்து வேகம் குறைந்த படகை மறுபடி முடுக்குவதற்குக் கொஞ்சம் குழிவு வேண்டும்.

நீரின்மேல் கருமையாகப் படர்ந்து வரும் திடீர்க் காற்று வீச்சைப் பார்த்து, அது வந்து சேர்வதற்கு மூன்று நான்கு நொடி முன்பே ஒருவர் சொல்ல வேண்டும். வீச்சு வந்து படகு சாய்ந்த பிறகு கயிற்றை விட்டால் தாமதமாகிவிடும். வீச்சு பட்ட கணத்தில் பெரிய பாயைச் சில அங்குலம் தளர்த்தி, படகை இரண்டு மூன்று பாகை காற்றை நோக்கி ஏற்றி, வீச்சு தணியும்போது மறுபடி இழுத்துக்கொள்ள வேண்டும். பெரிய பாயின் முன்பகுதி இலேசாகப் படபடத்தால் கவலைப்பட வேண்டாம்.

எப்போது டாக் செய்வது என்பதே ஏறும் கட்டத்தின் முக்கியக் கேள்வி. காற்று 5 பாகை நமக்கு எதிராகத் திரும்பினால் உடனே டாக் செய்ய வேண்டும் என்பது இலேசான காற்றில் பழகிய பாடம். பலத்த காற்றில் அதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 5.5 நாட் வேகத்தில் 45 பாகைக் கோணத்தில் ஏறும் படகு, 5 பாகை எதிராகத் திரும்பிய காற்றில் தொடர்ந்து ஓடுவதற்கும் டாக் செய்து மறுபக்கம் ஓடுவதற்கும் இடையே, மிதவையை நோக்கிய முன்னேற்றத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வித்தியாசம் உண்டு. அலை நிறைந்த நீரில், அதிகம் பழகாத குழு செய்யும் ஒரு டாக்கில் மூன்று படகு நீளம் இழப்பதாகக் கொண்டால் 8 மீட்டர் படகுக்கு அது 24 மீட்டர். காற்று பழைய திசைக்குத் திரும்பும்போது மறுபடி டாக் செய்ய வேண்டும் என்பதால் மொத்தச் செலவு 48 மீட்டர். ஆக, அந்த 5 பாகைத் திருப்பம் இரண்டரை நிமிடம் நீடித்தால்தான் செலவு ஈடாகும். 10 பாகைத் திருப்பம் என்றால் ஒன்றேகால் நிமிடம் போதும். உங்கள் குழுவின் டாக்கில் எவ்வளவு இழப்பு என்பதைப் பொறுத்து எண்கள் மாறலாம், முடிவு மாறாது. காற்றின் சிறிய திருப்பங்களை விட்டுவிடுங்கள். பெரிய, நீடிக்கும் திருப்பங்களுக்கு மட்டும் டாக் செய்யுங்கள்.

இன்னோர் ஏமாற்றும் உண்டு. காற்றின் திசை மாறாமல் வேகம் மட்டும் திடீரெனக் குறைந்தால், படகில் உணரப்படும் காற்று முன்பக்கமாக நகர்ந்து, முன்பாய் படபடக்கும். காற்று எதிராகத் திரும்பிவிட்டதென்று நினைத்து டாக் செய்பவர் வெறும் தணிவில் வேகத்தைத் தொலைத்து நிற்பார். பத்து நொடி பொறுத்துத் திசைகாட்டியைப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. வீச்சின்போது இதற்கு நேர்மாறாக நடக்கும். காற்று சாதகமாகத் திரும்பியதுபோல் தோன்றும்.

மற்றொரு படகின் பாயிலிருந்து வரும் கலைந்த காற்றைக் கண்டு பயப்படுவதும் இலேசான காற்றின் பழக்கமே. 22 நாட் வீசும்போது பாயில் தேவைக்கு மேல் விசை இருக்கிறது. முன்னால் போகும் படகு அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் இழப்பு சிறிது. அதிலிருந்து தப்பிக்கச் செய்யும் டாக்கின் விலை பெரும்பாலும் அதைவிட அதிகம். இலேசான காற்றில் உடனே விலக வேண்டிய இடத்தில் இங்கே பொறுத்து ஓடலாம்.

எந்தப் பக்கம் ஏறுவது என்பதிலும் அலையைக் கவனிக்க வேண்டும். காற்றை எதிர்த்து நீரோட்டம் ஓடும் இடத்தில் அலை குறுகிச் செங்குத்தாகும். அங்கே நீரோட்டம் படகுக்குச் சாதகமாக இருந்தாலும், ஒவ்வோர் அலையிலும் இடித்து நிற்கும் சிறிய படகுக்கு அந்தச் சாதகம் கையில் கிடைப்பதில்லை. கரையோர மறைவில் காற்று குறைவாக இருந்தாலும் நீர் தட்டையாக இருந்தால், ஏற்கெனவே விசை மிகுந்திருக்கும் படகு அங்கே வேகமாகப் போகும். கரை உயரமாக இருந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை. அதன் அடியில் வரும் காற்று தாறுமாறான திசையில் குத்தும். ஆழம் குறையும் கரையை நெருங்கும்போது பக்கத்தில் வேறு படகு இருந்தால், டாக் செய்ய இடம் கேட்டுக் குரல் கொடுக்க விதி அனுமதிக்கிறது; அவர் கேட்டுப் பதில் சொல்ல நேரம் வேண்டும் என்பதால் வழக்கத்தைவிட முன்கூட்டியே கேளுங்கள்.

டாக் செய்யும் கணத்தையும் தேர்ந்தெடுக்கலாம். உயரமான அலைகள் மூன்று நான்கு சேர்ந்து வந்த பிறகு சிறிது நேரம் நீர் தணியும். அந்த இடைவெளியில், முழு வேகம் இருக்கும்போது திரும்புங்கள். வேகமில்லாமல் தொடங்கிய டாக், காற்றுக்கு நேரே அணியம் (படகின் முன்முனை) நிற்கும்போது அலையில் மோதி அப்படியே நின்றுவிடும்.

எதிரே வரும் படகுகள்

வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கி ஓடும் படகு ஸ்டார்போர்டு டாக்கில் இருக்கிறது; இடப்பக்கத்திலிருந்து வாங்கும் போர்ட் டாக் படகு அதற்கு வழிவிட வேண்டும். பெரிய முன்பாய் தொங்கும் படகில் காற்று போகும் பக்கத்திலிருந்து வருபவரைச் சுக்கான் பிடிப்பவரால் பார்க்கவே முடியாது. பாயின் கீழே குனிந்து பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அவர் அந்த வேலையை மட்டும் பார்க்கட்டும்.

போர்ட் டாக்கில் போகும்போது, கடக்க முடியுமா என்ற ஐயம் எழுந்தாலே பின்னால் ஒதுங்குவது என்று முடிவு செய்துவிடுங்கள். எதிரே ஸ்டார்போர்டில் வருபவருக்குச் சற்று முன்னால், காற்று போகும் பக்கமாக டாக் செய்து, அவருக்குக் கலைந்த காற்றைக் கொடுக்கும் உத்தி நடுத்தரக் காற்றில் அழகானது. பலத்த காற்றிலோ, திரும்பி முடித்ததும் நம் படகு மெதுவாக இருக்கும்; அவர் முழு வேகத்தில் மேலே ஏறிக் கடந்துவிடுவார், அல்லது நாம் திரும்பி முடிப்பதற்குள் அவர் விலக நேர்ந்து தவறு நம்முடையதாகும். தவறு செய்தவர் இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது வழக்கமான தண்டனை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டாக்கும் ஒரு ஜைப்பும் உண்டு. 22 நாட் காற்றில் அதைச் செய்து பார்த்தவர்கள் அடுத்த முறை பின்னாலேயே ஒதுங்குகிறார்கள்.

பின்னால் ஒதுங்குவதற்கும் முறை இருக்கிறது. சாய்ந்து ஓடும் படகு, சுக்கானை எவ்வளவு இழுத்தாலும் காற்றிலிருந்து விலகித் திரும்பாது. பெரிய பாய் அதைக் காற்றை நோக்கியே திருப்பிக்கொண்டிருக்கும். ஆகவே முதலில் பெரிய பாயைத் தாராளமாகத் தளர்த்த வேண்டும், வேங் (பெரிய பாயின் அடிக்கம்பைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிறு) இறுக்கமாக இருந்தால் அதையும் விட வேண்டும், அதன் பிறகே சுக்கான். இந்த வரிசை குழப்பமானால் அவருடைய படகின் நடுப்பகுதியை நோக்கி நேராகப் போய்க்கொண்டிருப்போம். ஐந்தாறு படகு நீளத்துக்கு முன்பே சிறிதாகத் திரும்பத் தொடங்கினால், அவருடைய படகின் அமரத்தை (பின்முனையை) நாம் கடக்கும்போது வேகம் கூடியிருக்கும். அந்த வேகத்தோடு மறுபடி ஏறினால் ஒரு படகு நீளத்துக்கு மேல் இழப்பதில்லை. பார்த்துவிட்டோம் என்பதை அவருக்குக் கையசைத்துத் தெரிவியுங்கள்.

நாம் ஸ்டார்போர்டில் இருக்கும்போது வழியுரிமை இருக்கிறது என்பதற்காக எப்போதும் அதைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. எதிரே வரும் போர்ட் படகு தடுமாறினால், முன்கூட்டியே “நீங்கள் போங்கள்” என்று சைகை காட்டி, ஒரு நொடி பெரிய பாயைத் தளர்த்தி அவருக்குப் பின்னால் கடந்துவிடுவது பெரும்பாலும் நமக்கே இலாபம். அவர் நமக்கு முன்னால் பயந்துபோய் டாக் செய்து நின்றால் நாமும் நிற்க வேண்டிவரும். வழியுரிமை உள்ளவரும் மோதலைத் தவிர்க்கக் கடமைப்பட்டவர் என்பதை விதிகளே சொல்கின்றன.

மேல் மிதவை

காற்று வரும் திசையிலுள்ள மேல் மிதவைக்கு, இடப்பக்கம் விட்டுச் சுற்றும் பாதையில், ஸ்டார்போர்டு டாக்கில் மிதவையிலிருந்து குறைந்தது எட்டு பத்துப் படகு நீளம் தொலைவிலேயே வந்து சேர்ந்துவிடுங்கள். அருகிலுள்ள படகின் நீளத்தில் மூன்று மடங்கு ஆரமுள்ள வட்டத்துக்குள் வந்து போர்ட்டிலிருந்து டாக் செய்பவர், முன்பே ஸ்டார்போர்டில் வந்துகொண்டிருப்பவரைத் தன் கோணத்துக்கு மேல் ஏற வைத்தால் தவறு டாக் செய்தவருடையது. அலை அணியத்தைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும் என்பதால், மிதவையைச் சரியாகத் தொடும் கோட்டைவிட இரண்டு படகு நீளம் மேலே வைத்துக்கொள்வது வீணல்ல. கோட்டில் சரியாக வந்து, கடைசி இரண்டு நீளத்தில் அலை தள்ளி, மிதவைக்குக் கீழே இரண்டு கூடுதல் டாக் செய்ய நேர்வதுதான் உண்மையான வீண்.

மிதவையைச் சுற்றிக் காற்றோடு இறங்கத் திரும்பும்போது, முதலில் வேங்கை விடுங்கள். இறுக்கிய வேங்கோடு பூமின் (அந்த அடிக்கம்பின்) முனை நீரில் இடித்தால் பெரிய பாயைத் தளர்த்தவே முடியாமல் படகு காற்றை நோக்கிச் சரிந்துவிடும். பிறகு பெரிய பாயை ஓடவிட்டுத் திருப்புங்கள். குழு முழுவதும் காற்று வரும் பக்கத்தில், சற்றுப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். திரும்பும் வேளையில் முன்னால் போய் ஸ்பின்னேக்கர் (காற்றோடு இறங்கும்போது முன்னால் ஏற்றும் பெரிய, இலேசான பாய்) வேலையைத் தொடங்க யாரையும் அனுப்பாதீர்கள்.

காற்றோடு இறங்கும்போது

ஸ்பின்னேக்கரை ஏற்றுவதா என்பதைத் துணிச்சலின் கேள்வியாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அது கணக்கின் கேள்வி. 22 நாட் காற்றில் பெரிய பாயும், கம்பு கொடுத்து எதிர்ப்புறம் விரித்த முன்பாயும் மட்டுமே நம் படகை அதன் வரம்பான 6.4 நாட்டுக்கு அருகில் ஓட்டும் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பின்னேக்கர் அதை 7.2 நாட் ஆக்கினாலும், அரை மைல் தொலைவுள்ள கட்டத்தில் மிச்சமாவது சுமார் அரை நிமிடம். ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் ஆகும் நேரத்தையும், அப்போது படகு தடுமாறுவதையும் கழித்தால் அதிலும் பாதிதான் மிஞ்சும். ஒரே ஒரு முறை படகு காற்றை நோக்கிச் சரிந்து, பாய் நீரில் படிந்தால் இழப்பு நிமிடங்களில். கட்டம் ஒரு மைலுக்கு மேல் இருந்து, அதில் ஜைப் தேவைப்படாமல், குழுவில் அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்தது மூவர் இருந்தால் ஏற்றுங்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

வேகமான படகு மெதுவானதற்கு நேரச் சலுகை தரும் ஏற்றத்தாழ்வுக் கணக்கு வைத்து ஓடும் பந்தயங்களில் இது இன்னும் தெளிவாகும். அத்தகைய கணக்குகளில் ஒன்றான பி.எச்.ஆர்.எஃப் முறையில் படகுகளுக்கு இடையிலான சலுகை கடல் மைலுக்கு இத்தனை நொடி என்று கணக்கிடப்படுகிறது. 30 நொடி வித்தியாசமுள்ள பெரிய படகு, 4 மைல் பந்தயத்தில் உங்களைவிட 2 நிமிடம் முன்னால் வந்தாக வேண்டும். அது நம்மைக் கடந்து போவதைப் பார்த்துப் பதறி ஸ்பின்னேக்கரை ஏற்றுவதில் பொருளில்லை. அது ஒரு ஜைப்பைச் சொதப்பினாலே அந்த 2 நிமிடம் கரைந்துவிடும்.

காற்றுக்கு நேர் பின்னே ஓடுவதைத் தவிருங்கள். அந்தக் கோணத்தில் படகு பக்கத்துக்குப் பக்கம் ஆடும். சுக்கான் சற்றே தவறினால் பூம் தானாக மறுபக்கம் வீசும். நேர் பின் கோணத்திலிருந்து 15 அல்லது 20 பாகை மேலே ஓடினால் தூரம் கொஞ்சம் கூடினாலும் படகு உறுதியாக நிற்கும். முன்பாயைக் கம்பு கொடுத்து விரிக்காமல் ஓடுவதானால் இந்தக் கோணமே அதற்கும் பொருந்தும். பெரிய பாயைத் தளர்த்தி, வேங்கை மிதமாக இழுத்து, குழுவைப் பின்னால் அமர்த்துங்கள். பூமை முன்னோக்கிக் கட்டிவைக்கும் தடுப்புக் கயிறு நீண்ட கட்டத்தில் உதவும். படகுகள் நெருங்கிய இடத்தில் உடனடியாகத் திரும்ப முடியாமல் செய்துவிடும் என்பதால் எனக்கு அதில் முழு உடன்பாடில்லை.

இந்தக் கட்டத்தில் எத்தனை ஜைப் தேவை, எங்கே செய்வது என்பதே உத்தியின் சாரம். சுற்றி முடித்ததும் மற்ற படகுகளிலிருந்து விலகி இடம் கிடைக்கும் பக்கமாகப் போய், ஒரே ஒரு ஜைப்பில் கீழ் மிதவையை உள்பக்கமாக அடையும் பாதையைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஒரு ஜைப்பை, படகு அலையின் சரிவில் வேகமாக இறங்கும்போது செய்ய வேண்டும். 22 நாட் காற்றில் 7 நாட் வேகத்தில் ஓடும்போது பாய் உணரும் காற்று 15 நாட் மட்டுமே. அலையின் அடியில் படகு தடைபட்டு வேகமிழக்கும்போது அது 22 ஐ நெருங்கும், விசை இரண்டு மடங்குக்கு மேலாகும். பயந்து வேகம் குறையும்வரை காத்திருப்பவர் மிக மோசமான கணத்தைத் தேர்ந்தெடுக்கிறார். பெரிய பாயை நடுவுக்கு விரைவாக இழுத்து, தலைகள் குனிந்திருக்கின்றனவா என்று பார்த்து, மெல்லத் திருப்பி, பூம் கடந்ததும் கயிற்றை ஓடவிட்டு, அதே கணத்தில் சுக்கானை எதிர்ப்பக்கம் சிறிது திருப்பிப் படகு காற்றை நோக்கி ஓடிவிடாமல் பிடிக்க வேண்டும்.

குழுவுக்கு ஜைப் செய்ய நம்பிக்கை இல்லையா? மேலே ஏறி, டாக் செய்து, மறுபடி இறங்குங்கள். முக்கால் வட்டத்துக்கு மேல் சுற்ற வேண்டியிருப்பதால் 20 நொடிக்கு மேல் செலவாகலாம். மரம் உடைவதில்லை, தலையும் உடைவதில்லை. சுற்றிலும் இடம் தேவை என்பதால் மிதவைக்கு மிக அருகில் இதைச் செய்யக் கூடாது.

கீழ் மிதவையும் முடிவுக் கோடும்

கீழ் மிதவைக்கு அரை நிமிடம் முன்பே ஸ்பின்னேக்கர் கீழே இருக்க வேண்டும். இன்னும் நான்கு படகு நீளம் போகலாமே என்ற ஆசையை அடக்கிவிட்டால், மற்றவர்கள் பாயை நீரிலிருந்து அள்ளிக்கொண்டிருக்கும்போது நாம் ஏறத் தொடங்கியிருப்போம். கன்னிங்ஹாம், பேக்ஸ்டே, கீழ்விளிம்பு இவை மூன்றையும் திரும்புவதற்கு முன்பே மறுபடி இழுத்துவிடுங்கள்; திரும்பிய பிறகு அவை பாரம் ஏறிக் கையால் அசையா. மிதவையை நெருங்கும்போது விலகி நுழைந்து, சுற்றி வெளியேறும்போது ஒட்டிச் செல்ல வேண்டும். உள்பக்கம் இருக்கும் படகுக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில் வெளிப்பக்கம் சுற்றுவதைவிட, வேகத்தைக் குறைத்து அவருக்குப் பின்னால் உள்பக்கமாகச் சுற்றுவது மேல்.

கடைசிக் கட்டத்தில் காற்று தணிந்திருந்தால் மடிப்பை அவிழ்க்கலாம். ஆனால் இன்னும் பத்து நிமிடத்துக்குக் குறைவாகவே ஓட வேண்டும் என்றால் அதைத் தொடாதீர்கள். முடிவுக் கோட்டில் அருகிலிருக்கும் முனையை நோக்கிப் போங்கள். எந்த முனை அருகில் என்று தெரிந்துகொள்ள, கோட்டுக்குச் செங்குத்தாக வரும் காற்றை நினைத்துப் பார்த்து, காற்று எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். ஏறிவந்து முடிப்பதானால் காற்றிலிருந்து மிகக் கீழே இருக்கும் முனையே அருகிலிருப்பது. அதற்காக இரண்டு கூடுதல் டாக் தேவைப்பட்டால் கிடைத்த முனையிலேயே முடித்துவிடலாம்.

கோட்டைக் கடந்ததும் அங்கேயே காற்றுக்கு நேரே நின்று பாயை இறக்கக் கூடாது. பின்னால் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவர்கள் முழு வேகத்தில் அந்த இடத்துக்கு வருகிறார்கள். காற்று மறைவான நீருக்கு ஓடிப் போய், முன்பாயை முதலில் இறக்கி, இன்ஜினை இயக்கிப் பார்த்து, கயிறு எதுவும் நீரில் தொங்கவில்லை என்று உறுதி செய்த பிறகு கியரைப் போடுங்கள். சூரியன் மறைந்துவிட்டால் கடற்பயண விதிப்படி விளக்குகள் எரிய வேண்டும். அவை எரிகின்றனவா என்பதைத் துறையிலிருந்து கிளம்பும் முன்பே பார்த்திருக்க வேண்டும்.